தோட்டத்தில் நிற்கும் ‘பாம்’ எது? அறிகுறியை வைத்துப் பெயர் கண்டுபிடிக்கும் வழி

பழைய வீடு வாங்குகிறவர்களுக்குத் தோட்டத்து மூலையில் பெயர் தெரியாத ஒரு மரமும் சேர்ந்தே கிடைக்கும். பனை மாதிரி இருக்கும், நுங்கு வந்ததில்லை. தென்னை மாதிரி இருக்கும், காய் பிடித்ததில்லை. நர்சரியில் கேட்டால் ‘அது ஒரு பாம் சார்’ என்பார்கள். கைபேசிச் செயலியில் படம் போட்டால் கோணத்துக்கு ஒரு பெயர் சொல்லும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரத்தில் நின்று கொண்டையை மட்டும் பார்த்தால் யாருக்கும் அந்தக் குழப்பம்தான்.

பனைக் குடும்பத்தில் உலகம் முழுக்க 2,500 இனங்களுக்கு மேல் உண்டு. நம் ஊர் வீட்டுத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப நிற்பவையோ சொற்பம். ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும். அதற்கு மரத்தின் அடியில் போய் நிற்க வேண்டும். மட்டை தண்டோடு சேரும் இடமும், ஓலையில் ஒரு கீற்று மடிந்திருக்கும் விதமும்தான் துப்புக் கொடுக்கும். உயரம் பெரும்பாலும் ஏமாற்றும்.

தொடங்கும் முன்

கீழே விழுந்த முழு மட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விழவில்லை என்றால் இருப்பதிலேயே கீழ் மட்டையை அடியோடு அறுங்கள். குருத்தை மட்டும் தொடாதீர்கள். ஒற்றைத் தண்டு மரத்துக்கு வளரும் முனை அந்த ஒன்றுதான். அதை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்காது, மரமே போய்விடும். ‘சாம்பிளுக்கு’ என்று குருத்தை ஒடித்துக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கையுறை போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் நல்லது. காரணம், வருவது ஈச்ச வகையாக இருந்தால் மட்டை அடியில் இருப்பது முள் இல்லை, ஊசி.

அறிகுறி: எதை வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை

முதலில் அது பனைக் குடும்பம்தானா என்று பாருங்கள். கடையில் ‘பாம்’ என்று விற்கப்படும் செடிகளில் பல அந்தக் குடும்பமே இல்லை.

புது ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வராமல், ஒரு வட்டம் முழுக்க ஒரே சமயத்தில் கிளம்புகின்றனவா? இளம் கீற்றுகள் உள்பக்கம் சுருண்டு இருக்கின்றனவா? அது சைகஸ். பனைக் குடும்பத்தில் குருத்து தனித்தனியாகத்தான் வரும், மூடிய நிலையில் நேராக நீண்டு வந்து பிறகு விரியும். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது சைகஸின் ஆண் கூம்புதான். வீட்டில் நாய் இருந்தால் இந்த ஒரு செடியைக் கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள். சைகஸ் விதையை மென்று தின்ற நாய்க்குக் கல்லீரல் கெடும், இறந்தும் போகலாம்.

வாழை இலை போன்ற பெரிய இலைகள் இரண்டே பக்கமாக, தட்டையாக விரிந்து நின்றால் அது விசிறி வாழை. மடகாஸ்கர் செடி, வாழைக்குத்தான் உறவு. கீற்றே இல்லாமல் வாள் போன்ற முழு இலைகளும், தண்டில் கிளைகளும் இருந்தால் டிராசினா, யூக்கா பக்கம் போய்த் தேடுங்கள். இலை ஓரம் முழுக்க முள்ளும், தண்டிலிருந்து தரைக்கு இறங்கும் ஊன்று வேர்களும் இருந்தால் தாழை.

கிளை என்பது நல்ல சோதனை. பனைக் குடும்ப மரங்களின் நடுத்தண்டு கிளைப்பது அபூர்வம். குஜராத்திலும் டையூவிலும் இயல்பாகவே கிளைக்கும் ஒரு வகை உண்டு. மற்றபடி குருத்தில் அடிபட்ட தென்னையோ பனையோதான் எப்போதாவது இரண்டாகப் பிரியும். அபூர்வம் என்பதால்தான் கிளைத்த பனைக்குச் செய்தித்தாளில் படம் போடுகிறார்கள்.

அறிகுறி: ஓலை விசிறி வடிவம்

மட்டையின் ஓரத்தைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாக, ரம்பப் பல்லாகக் கருக்கு ஓடினால் அது நம் பனை. தண்டு எழும்பாத இளம் பனையான வடலியைப் பார்த்து ‘ஏதோ அலங்காரச் செடி’ என்று நினைப்பது இன்று நகரத்தில் சாதாரணம். பனைக்குத் தண்டு எழும்பவே பல ஆண்டுகள் ஆகும்; அதுவரை தரையிலிருந்தே மட்டை வரும். வளர்ந்த மரத்தில் நுங்கு காணோம் என்றால் வேறு இனம் என்று முடிவு கட்ட வேண்டாம். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். விரல் விரலாகப் பூக்கதிர் தொங்கினால் அது ஆண் பனை. பாளை வரும்வரை எது ஆண், எது பெண் என்று வெளித்தோற்றத்தில் தெரியாது.

கருக்கு இருக்கிறது, ஆனால் ஓலை மிரட்டும் அளவுக்குப் பெரியது, ஒரே ஓலை 4, 5 மீட்டர் அகலம் என்றால் தாளிப்பனையை நினையுங்கள். குடைப்பனை என்றும் சொல்வார்கள். சுவடி எழுத இதன் ஓலையையும் பயன்படுத்தினார்கள். முப்பது முதல் எண்பது வயதுக்குள் ஒரே முறை பூக்கும், உச்சியில் பல மீட்டர் உயரத்துக்குப் பூங்கொத்து எழும்பும், காய் முற்றியதும் மரம் செத்துவிடும். வீட்டு மனையில் இது நிற்பது அரிது. நின்றால் பக்கத்தில் கட்டடம் எழுப்பும் முன் யோசியுங்கள்.

விசிறியின் விரல்களுக்கு நடுவே வெள்ளை நூல் தொங்குகிறதா, காய்ந்த ஓலைகள் விழாமல் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தங்குகின்றனவா? அப்படியானால் வாஷிங்டோனியா, மட்டை ஓரத்தில் கொக்கி முள்ளும் இருக்கும். விரல் நுனிகள் மட்டும் பிளந்து துவண்டு கீழே தொங்கினால் சீன விசிறிப் பனை எனப்படும் லிவிஸ்டோனா.

ஓலை வெள்ளி நீலமாக இருந்தால் பிஸ்மார்க்கியா. இதுவும் மடகாஸ்கர்தான், ஜெர்மனியின் பிஸ்மார்க் பெயரை வைத்தார்கள். பண்ணை வீட்டு வாசல்களில் இப்போது இதுதான் மோகம். வடலி ஓலையிலும் சில சமயம் சாம்பல் பூத்த நிறம் வருவதால் குழப்பம் உண்டாகும். மட்டை ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தீர்ந்தது. பிஸ்மார்க்கியாவில் பனையின் அளவுக்குக் கருக்கு இருக்காது.

மூங்கில் புதர் போலப் பல மெல்லிய தண்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி நார், சிறிய விசிறி என்றால் ராபிஸ். பிளவே இல்லாத மடிப்பு வட்டம் என்றால் லிக்குவாலா. இரண்டிலும் பெரிய குழப்பம் வராது.

அறிகுறி: ஓலை இறகு வடிவம், மட்டை அடியில் குத்துகிறது

இங்கேதான் கீற்றின் மடிப்பு உதவும். கீற்று நடுநரம்போடு சேரும் இடத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், அல்லது ஓலையை மேல்பக்கம் பார்த்தபடி பிடித்துக் கீற்றின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மடிப்பு மேல்நோக்கித் திறந்திருந்தால் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதுபோல உள்ளே தங்கி ஓடும். கவிழ்ந்து கூரையாக இருந்தால் இருபுறமும் வழியும். இறகு ஓலை, மேல்நோக்கித் திறந்த மடிப்பு, அடிக்கீற்றுகள் முள்ளாக மாறியிருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஈச்ச இனம்தான். வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஈச்ச இனத்துக்குள் எது என்பது அடுத்த கேள்வி. இடுப்பளவுப் புதராக, செம்மண் மேட்டிலும் கடற்கரைப் பக்கத்திலும் தானாக முளைத்தது என்றால் சிற்றீச்சு. கறுத்த சிறு பழம், இனிப்பு. ஓலையில் விளக்குமாறு கட்டுவார்கள். ஒற்றைத் தண்டாக ஓங்கி, தண்டு முழுக்க வெட்டிய மட்டைகளின் சாய்சதுரத் தழும்புகள் நிறைந்திருந்தால் காட்டு ஈச்சமரம். நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் வளர்ந்த மரமாகவே பெயர்த்து வந்து நடுகிறார்களே, அநேகமாக அதுதான். ‘பேரீச்சை’ என்று சொல்லி விற்பதும் உண்டு.

பேரீச்சை என்றால் தூரைப் பாருங்கள். இளம் மரத்தில் தூரைச் சுற்றிப் பக்கக்கன்று வரும், ஓலை விறைப்பாக, நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். காட்டு ஈச்சில் பொதுவாகப் பக்கக்கன்று கிடையாது. பக்கக்கன்றையெல்லாம் அகற்றிவிட்ட பெரிய மரமானால் பழம் வரும்வரை உறுதியாகச் சொல்வது கடினம். தின்ற பழத்தின் கொட்டையைப் போட்டு வளர்த்தது என்றால் இன்னொரு சிக்கல்: ஏறத்தாழப் பாதிக்குப் பாதி ஆண் மரமாக வரும், பெண்ணாக வந்தாலும் தின்ற பழத்தின் ருசி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆளுயரம்கூட வராமல் மென்மையான ஓலையோடு தொட்டியில் நின்றால் குட்டை ஈச்சு வகை. மென்மை என்று நம்பி அடியில் கை விட்டால் அதுவும் குத்தும்.

குத்துகிறது, ஆனால் கீற்று கவிழ்ந்து கூரையாக இருக்கிறது, கீற்றுகள் ஒழுங்கில்லாமல் பல திசையில் நிற்கின்றன, தண்டில் பழைய மட்டை அடிகள் அப்படியே தங்கி அவற்றின் இடுக்கில் பெரணி முளைத்திருக்கிறது என்றால் எண்ணெய்ப் பனை. மலேசியத் தமிழர் செம்பனை என்பது இதைத்தான்.

அறிகுறி: இறகு ஓலை, முள் இல்லை, தண்டின் உச்சியில் பச்சைக் கழுத்து

பாக்கு மட்டைத் தட்டு எதில் செய்கிறார்கள்? கமுக மட்டையின் அகலமான அடிப்பகுதியில். மரத்தில் இருக்கும்போது அந்த அடிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்டைச் சுற்றிக் குழலாக நின்று, தண்டின் தொடர்ச்சி போல வழுவழுப்பான பச்சைக் கழுத்தாகத் தெரியும். தென்னைக்கு இந்தக் கழுத்து இல்லை, அதற்கு மட்டை அடியைச் சுற்றும் வலை போன்ற நாரான சில்லாட்டைதான். ‘காய்க்காத தென்னை’ என்று பல ஆண்டு தண்ணீர் ஊற்றப்பட்ட மரங்கள் பலவும் இந்த ஒரு பார்வையில் அடையாளம் தெரிந்துவிடும். அலங்காரத்துக்காக நடுபவற்றில் பெரும்பகுதி கழுத்துள்ளவை என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

தண்டு சிமென்ட் தூண் போல வெளுத்து, நடுவில் லேசாகப் பருத்து, கழுத்து ஆளுயரத்துக்கு மேல் நீண்டிருந்தால் ராயல் பாம். கியூபாவின் தேசிய மரம். பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் இதன் சாலையைப் பார்த்திருப்பார்கள். மட்டை காய்ந்ததும் அடி உறையோடு மொத்தமாகக் கழன்று விழும். கனமான சரக்கு, அடியில் கார் நிறுத்தாதீர்கள், குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டாதீர்கள்.

அடுத்தது பாட்டில் பாம். இளம் ராயல் பாமும் அடியில் பருத்துத்தான் இருக்கும். அதனால் அதைப் பாட்டில் பாம் என்று நம்பி வாங்கி, இரண்டடிப் பாத்தியில், சன்சேடுக்குக் கீழே நட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டில் அது மாடியைத் தாண்டும்போதுதான் விஷயம் தெரியும். பிரித்தறிய ஓலைகளை எண்ணுங்கள். உண்மையான பாட்டில் பாமில் ஒரு நேரத்தில் நாலு முதல் எட்டு ஓலைதான் நிற்கும். விறைப்பாக வளைந்து, கீற்றுகள் இரண்டே வரிசையில் மேல்நோக்கி நிற்கும். ராயல் பாமில் கீற்றுகள் பல தளங்களில் பிரிந்து ஓலை புசுபுசுவென்று தெரியும். பாட்டில் பாமின் சொந்த ஊர் மொரீஷியஸை ஒட்டிய ரவுண்ட் தீவு. அங்கே இயற்கையில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், உலகத் தோட்டங்களில் நிற்பவையோ லட்சக்கணக்கில். பருமன் அடியில் இல்லாமல் தண்டின் நடுவில் இருந்தால் அதன் பங்காளி ஸ்பிண்டில் பாம்.

கீற்றுகள் நடுநரம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் முளைத்திருந்தால் ஃபாக்ஸ்டெயில். விழுந்த ஓலையைத் தரையில் போடுங்கள்: தட்டையாகப் படியாது, உருண்டையாகவே கிடக்கும். ஒரு கீற்றின் நுனியைப் பாருங்கள்: கூராக இல்லாமல் கடித்துத் துப்பியது போல இருக்கும். ராயல் பாமில் நுனி கூர். இதோடு ஒரு கணக்கும் உதவும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு மூலையில் மட்டும் இயற்கையாக வளரும் இந்த மரத்துக்குத் தாவரவியல் பெயர் வைத்ததே 1983இல்தான். ஆகவே ‘எங்கள் தாத்தா 1960இல் நட்டது’ என்று சொல்லும் மரம் ஃபாக்ஸ்டெயிலாக இருக்க வழியில்லை.

மாடி உயரத்தைத் தாண்டாமல், கழுத்துக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் பளிச்சென்ற சிவப்புக் காய் தொங்கினால் மணிலா பாம்.

புதராக நிற்பவற்றில் குழப்பம் இரண்டுக்கு நடுவில்தான். மட்டை மஞ்சளோடி, கீற்று நுனி கூராக, தண்டில் மூங்கில் கணு போன்ற வளையம் இருந்தால், ஓட்டல் வரவேற்பறை முதல் கல்யாண மண்டபம் வரை நிற்கும் ‘அரிக்கா பாம்’. பெயரை நம்பிப் பாக்குக்குக் காத்திருக்காதீர்கள், அது மடகாஸ்கர் செடி. பாக்குக் காய்க்கும் கமுகு ஒற்றைத் தண்டு, ஒல்லி. புதர்தான், ஆனால் மட்டை பச்சை, கீற்று நுனி அகலமாக வெட்டுப்பட்டது போல இருந்தால் மக்ஆர்தர் பாம்.

அறிகுறி: தென்னை போலவே இருக்கிறது, ஓலை மட்டும் விசித்திரம்

கழுத்து இல்லை, முள் இல்லை, மடிப்பு கூரை, சில்லாட்டை இருக்கிறது. அப்படியானால் அது தென்னைதான். விசித்திரம் நோயிலோ பூச்சியிலோ இருக்கும்.

ஓலை விரிந்த பிறகு கீற்றுகள் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போல இருபுறமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து மூடியிருக்கும்போது ஒரு துளை போடும். விரிந்ததும் அந்தத் துளை ஓலையின் இரு பக்கத்திலும் ஒத்த வெட்டாக வரும். பார்க்க அலங்கார வகை மாதிரியே இருக்கும். அடுத்தடுத்த ஓலைகளைப் பாருங்கள்: வெட்டு ஓலைக்கு ஓலை மாறினால் வண்டு, எல்லா ஓலையிலும் ஒரே மாதிரி இருந்தால் இனம். எருக்குழி பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டின் புழு அங்கேதான் வளரும்.

கீற்றுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, புது ஓலை குட்டையாக, நுனி கொக்கியாக மடங்கி வந்தால் போரான் சத்துக் குறைவு. ‘புது ரகமோ’ என்று கேட்டு எடுத்துவரும் படங்களில் இதுவும் உண்டு. வேளாண் அலுவலரிடம் காட்டி மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சரியானதும் அடுத்தடுத்து வரும் ஓலைகள் சாதாரணத் தென்னையாக வரும்.

அறிகுறி: கீற்று மீன் வால் வடிவம்

ஓலை ஒரு முறை பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, கடைசிக் கீற்று ஓரம் கிழிந்த முக்கோணமாக இருந்தால் கூந்தல் பனை. இப்படி இரண்டு முறை பிரியும் ஓலை பனைக் குடும்பத்தில் இந்த இனத்துக்கு மட்டும்தான், அதனால் தடுமாற இடமே இல்லை. இலங்கையில் கித்துள் கருப்பட்டி எடுப்பது இதன் பாளையிலிருந்துதான். ஒற்றைத் தண்டு பெரிதாக ஓங்கினால் நாட்டு வகை, புதராக நின்றால் வெளியிலிருந்து வந்த குட்டை வகை.

பெயர் சுலபம், பிரச்சினை வேறு. ‘மேலே பூத்தது, பிறகு அதற்குக் கீழே, அப்புறம் அதற்கும் கீழே. ஓலை குறைந்துகொண்டே வருகிறது. என்ன மருந்து ஊற்றலாம்?’ என்று கேட்பார்கள். மருந்து இல்லை. இந்த மரம் மேலிருந்து கீழாகத்தான் பூக்கும். கடைசிக் கொத்து பழுத்ததும் அந்தத் தண்டு சாகும். அதுவரை சில ஆண்டுகள் ஆகலாம். உரம் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஒற்றைத் தண்டு மரமானால், பட்டுப்போய் வீட்டின்மேல் சாயும் முன் ஆள் வைத்து இறக்குவதற்குத் திட்டம் போடுங்கள். புதர் வகையானால் பூத்த தண்டை மட்டும் எடுத்தால் போதும், மற்றவை இருக்கும்.

பழம் பழுத்துக் கொட்டும்போது வெறும் கையால் அள்ளாதீர்கள். சதையில் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கை அரித்துத் தள்ளும், வாயில் வைத்தால் இன்னும் மோசம். மரநாய்க்கு மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை போலும், விரும்பித் தின்று விதையை ஊரெங்கும் போடுகிறது.

அறிகுறி: தானாக முளைத்த கன்று, ஓலை இன்னும் பிரியவில்லை

இந்த நிலையில் விசிறியா இறகா என்று கேட்பதில் அர்த்தமில்லை. தென்னைக்கே முதல் சில ஓலைகள் பிரியாமல்தான் வரும். மண்ணைப் பக்கவாட்டில் மெல்லச் சுரண்டி விதையைத் தேடுங்கள். பல மாதம்வரை கொட்டை கன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் சாட்சி. கொட்டையின் ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடினால் ஈச்ச இனம். கோழிமுட்டை அளவில், சுற்றிலும் கறுப்பு நார் கிளைகிளையாக ஓடினால் ஃபாக்ஸ்டெயில். விதை மேலாகக் கிடந்து, கன்று மட்டும் ஆழத்துக்குப் போய், இழுத்தால் அசையவே மாட்டேன் என்றால் பனை. அங்கே கீழே கிழங்கு உருவாகிக்கொண்டிருக்கிறது.

விதை கிடைக்கவில்லையா? முதல் ஓலை புல் போலக் குறுகி, விறைப்பாக, ஒற்றையாக இருந்தால் ஈச்சு பக்கம். மடிப்புகளோடு அகலமான பட்டையாக இருந்தால் விசிறி வகை. நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் கமுகு, அரிக்கா போன்றவை. பிளந்த நுனியோடு ஓரமும் கிழிந்து கிழிந்து இருந்தால் கூந்தல் பனையாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும்; மேலே சுவர், மின்கம்பி எதுவும் இல்லாத இடமாக இருந்தால் இன்னும் சில ஓலை வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் கிடைக்கவில்லை

பூவுக்கும் காய்க்கும் காத்திருங்கள். பாளை கழுத்துக்குக் கீழே வருகிறதா, ஓலைகளுக்கு நடுவே வருகிறதா, உச்சியில் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிபுணர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். கேட்கப் போகும்போது முழு மரம், தூர், மட்டை தண்டோடு சேரும் இடம், கீற்றின் அடி, கீற்றின் நுனி, பாளை, காய் என்று தனித்தனிப் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோலோ பேனாவோ பக்கத்தில் இருக்கட்டும். முழு ஓலையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மட்டையின் அடி ஒரு துண்டு, ஓலையின் நடுப்பகுதி ஒரு சாண், நுனி ஒரு சாண், எது எந்த இடத்துத் துண்டு என்று சீட்டுக் கட்டி, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றிக் காய வையுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய் இருந்தால் தாளில் அமுக்காமல் தனிப் பையில் போடுங்கள்.